அப்பாவோட தோப்புக்கு வர்ற ஆறுமணிக்குருவி

இந்தத் தடவை தகவல் சொன்னது அப்பாதான். ஐப்பசி பொறந்து நாலஞ்சு நாள் இருக்கும், நான் கோயமுத்தூர்ல ஆபீஸ்ல இருக்கும்போது போன் வந்துச்சு. அப்பா போன் பண்ணாருன்னா தேங்கா வெலை, மோட்டார் ரிப்பேர், அம்மாவோட முட்டி வலி, இந்த மூணுல ஒண்ணுதான் இருக்கும், அன்னிக்கி எடுத்த எடுப்புலயே "அம்மிணி, உன்ற குருவி வந்துபோட்டுது, வெடியால வாய்க்கா ஓரத்துல கத்துச்சு"ன்னாரு. எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. பறவை வந்த சந்தோஷம் ஒரு பக்கம், அதை காதுல கேட்டே அப்பா அடையாளம் சொல்றாரேங்கறது இன்னொரு பக்கம். ஏன்னா இந்தக் குருவிக்காக நானும் அப்பாவும் ஒரு காலத்துல ரெண்டு மாசம் சரியாப் பேசிக்காம இருந்திருக்கோம். அந்தக் கதையும் இதுல வரும்.

எங்க தோப்பு பொள்ளாச்சியில இருந்து ஆனைமலை போற வழியில உள்ள தள்ளி இருக்கு. நாலு ஏக்கர் தென்னை, அதுல ரெண்டு ஏக்கருக்கு ஊடுபயிரா கொக்கோ, வாய்க்கா ஓரமா பத்துப் பதினஞ்சு ஜாதிக்கா மரம். இந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், கொக்கோ வெச்ச தென்னந்தோப்புக்குள்ள போனா மத்தியானம் பன்னெண்டு மணிக்கே சாயந்திரம் மாதிரி இருட்டா குளுகுளுன்னு இருக்கும். மேல தென்ன ஓலை ஒரு கூரை, கீழ கொக்கோ இலை இன்னொரு கூரை. கொக்கோ இலை பெருசா தடியா இருக்கும், வருஷம் பூரா உதிரும், காஞ்சதும் காலு வெச்சா அப்பளம் நொறுங்கற மாதிரி சத்தம். அந்தச் சருகுக்குள்ளதான் எங்க ஆறுமணிக்குருவி இருக்கு.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். மைனாவ விட சின்னது, வால் இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்கு குட்டை வால், உருண்டையா நிக்கும். முதுகு பச்சை, தோள்பட்டையில மின்னற நீலம், வயிறு சந்தன நெறம், வாலுக்கு அடியில குங்குமச் செவப்பு, கண்ணு வழியா கருப்புப் பட்டை, அதுக்கு மேல வெள்ளை கோடு, தொண்டை வெள்ளை. இந்தியில இதை நவ்ரங்னு சொல்லுவாங்க, ஒம்போது நெறம்னு அர்த்தம். இவ்வளவு கலரை வெச்சிக்கிட்டு சருகுக்குள்ள நின்னா கண்ணுக்கே தெரியாது, அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். நிழல்ல பச்சையும் பழுப்பும் ஒண்ணாப் போயிடும், தத்துச்சுன்னாதான் தெரியும். தமிழ்ல இதுக்கு தோட்டக்கள்ளன்னு ஒரு பேர் இருக்கு. ஆறுமணிக்குருவிங்கறது அது கத்தற நேரத்தை வெச்சு வந்தது, விடியும்போதும் பொழுது சாயும்போதும் ரெண்டு சுரத்துல ஒரு விசில், நடுவுல பகல் பூரா பெரும்பாலும் வாயே தொறக்காது.

எங்க அப்பத்தாவுக்கு இந்தக் குருவியோட பேர் தெரியாது, ஆனா சத்தம் தெரியும். கல்யாணம் ஆகி இந்த ஊட்டுக்கு வந்த காலத்துல கரண்ட் இல்ல, மழை மாசத்துல மேகம் மூடிக்கெடந்தா பொழுதே தெரியாது, வாய்க்கா பக்கம் இது கத்துச்சுன்னா வெளக்குப் பொருத்தணும்னு மாமியார் சொல்லிக் குடுத்தாங்களாம். அப்போ கொக்கோவும் இல்ல தென்னையும் இல்ல, வாய்க்கா கரையில புங்க மரமும் புதருமா இருந்துச்சாம். சின்ன வயசுல லீவுல இருக்கும்போது அப்பத்தா "குருவி கத்திப்போட்டுது, கைகால் கழுவிட்டு வா கண்ணு"ன்னு கூப்புடறதை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், எந்தக் குருவின்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல. காக்கா, மைனா, குயில் இதைத் தாண்டி எனக்கு ஒண்ணும் தெரியாத காலம் அது.

நான் இதை முதல்ல நேர்ல பாத்தது உயிர் போற நெலமையில. எட்டு வருஷம் இருக்கும். அப்பா ஊட்டுக்குப் பின்னாடி புதுசா ஒரு ரூம் எடுத்து பெரிய கண்ணாடி ஜன்னல் வெச்சிருந்தாரு, தீபாவளிக்கு நாங்க போயிருந்தோம், விடியகாலையில டப்புனு ஒரு சத்தம், போய்ப் பாத்தா ஜன்னலுக்குக் கீழ திண்ணையில கலர் கலரா ஒரு பறவை மல்லாந்து கெடக்குது. கண்ணு பாதி மூடியிருந்துச்சு, நெஞ்சு மட்டும் படபடன்னு அடிச்சிக்குது. எம் பையன் அப்ப ரொம்ப சின்னவன், அழுக ஆரம்பிச்சிட்டான், அம்மா வாயில தண்ணி ஊத்தலாம்னு சொம்போட வந்துட்டாங்க. ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒருத்தர் பறவை பாக்கப் போறவர்னு ஞாபகம் வந்து அவருக்கு போன் பண்ணேன். தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும், கையில வெச்சிட்டு இருக்காதீங்க, அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு உள்ள துணி விரிச்சு மெதுவா வெச்சு இருட்டா சத்தமில்லாத எடத்துல வைங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தெளியலன்னா வனத்துறைக்கு சொல்லிருங்கன்னாரு. செருப்பு டப்பாவுலதான் வெச்சோம். அந்த ரெண்டு மணி நேரம் ஊடே அமைதியா இருந்துச்சு, டிவி கூட யாரும் போடல. உள்ள கீறற சத்தம் கேட்டதும் டப்பாவ கொக்கோவுக்குள்ள எடுத்துட்டுப் போய் மூடியத் தொறந்தேன், ஒரு செகண்டு என்னையப் பாத்துச்சு, அப்புறம் ரெக்கை விரிச்சு போச்சு பாருங்க, ரெக்கை நுனி கருப்புல வட்டமா ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சுனு தெரிஞ்சு உள்ள மறஞ்சிருச்சு.

அப்புறம்தான் அந்த ஆபீஸ் நண்பர் வெவரமா சொன்னாரு. இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியக் காடுகள்லயும் கூடு கட்டற பறவை இது, மழை முடியறப்போ தெக்க கெளம்பி தமிழ்நாடு, கேரளா, இலங்கை வரைக்கும் வந்து சேரும், ராத்திரியிலதான் பறக்கும். விடியும்போது ஓய்ஞ்சு போய் எறங்கறப்போ லைட்டப் பாத்து கொழம்பி ஊட்டுக்குள்ள வந்துரும், இல்லேன்னா கண்ணாடியில மோதிரும், அக்டோபர் மாசம் இது அடிக்கடி நடக்கறதுதான்னாரு. இமயமலை அடிவாரத்துல இருந்து எங்க ஊரு ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அவ்வளவு தூரம் வந்த உசுரு எங்க ஜன்னல்ல மோதி சாகப் பாத்துதேன்னு எனக்கு அன்னிக்கி தூக்கமே வரல. அடுத்த வாரமே அப்பாகிட்ட சொல்லி நர்சரிக்குப் போடற பச்சை நிழல்வலைய ஜன்னலுக்கு வெளிய தொங்கவிட்டோம். இப்பவும் புரட்டாசி வந்தா வலையக் கட்டிருவோம், ராத்திரி பின்னாடி லைட்டையும் அணைச்சிருவோம். அதுக்கப்புறம் ஒரு பறவை கூட அங்க மோதல.

சரி, அந்த ரெண்டு மாசச் சண்டை.

அப்பாவுக்கு தோப்புன்னா சுத்தமா இருக்கணும். மட்டை விழுந்தா அன்னிக்கே எடுக்கணும், சருகக் கூட்டி ஒரு ஓரத்துல போட்டுக் கொளுத்தணும், தரை பளிச்சுனு தெரியணும், அதுதான் நல்ல விவசாயிக்கு அழகுன்னு அவங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டது. நான் என்ன பாத்தேன்னா, அந்தக் குருவி திங்கறது பூரா சருகுக்கு அடியிலதான். ரெண்டு தத்து தத்தும், நிக்கும், தலையச் சாய்ச்சுப் பாக்கும், அலகால ஒரு இலைய டக்குனு தூக்கி எறியும், அடியில இருக்கற புழுவயோ கறையானயோ எடுத்துக்கும். அப்பா பெருக்கி எரிச்ச வரிசையில ஒரு நாளும் அது எறங்குனதே இல்ல. நான் சருக எரிக்காதீங்கப்பான்னு சொன்னேன். "இத்தன சருகு கெடந்தா பாம்பு வராதா? காண்டாமிருக வண்டு வராதா? நீ வாரத்துல ஒரு நாள் வர்றவ, நான் தெனம் நடக்கறவன்"னாரு. அவர் சொன்னது பூராத் தப்புன்னு சொல்ல முடியாது. காண்டாமிருக வண்டு மக்குற குப்பையிலயும் எருக்குழியிலயும்தான் முட்டை விடும், எங்க தோப்புல இளங்கன்னு குருத்தெல்லாம் அது கொடஞ்சு எத்தனையோ போயிருக்கு. ஆனா அப்ப எனக்குக் கோவம், அவருக்கும் கோவம், போன்ல அம்மாதான் பேசுவாங்க.

அதை முடிச்சு வெச்சது கொக்கோதான். கொக்கோ பூவ கிட்டப் பாத்திருக்கீங்களா, தண்டுலயே ஒட்டிக்கிட்டு சுண்டுவிரல் நகம் அளவுக்கு சின்னதா இருக்கும், தேனீயால அதுக்குள்ள நுழைய முடியாது. கொசு மாதிரி, கொசுவ விட ரொம்பப் பொடியா ஒரு பூச்சிதான் அந்தப் பூவுக்கு மகரந்தச் சேர்க்கை பண்றது. அந்தப் பூச்சி பெருகறது ஈரமா மக்கிக்கிட்டு இருக்கற சருகுலயும் கொக்கோ ஓட்டுலயும். அதாவது சருகக் கொளுத்துனா காய் புடிக்க வெக்கற பூச்சியவும் சேத்துக் கொளுத்தறோம். இதை ஒரு கொக்கோ பயிற்சிக்குப் போயிட்டு வந்து அப்பாவே சொன்னாரு, எங்கிட்ட நேரா சொல்லல, சாப்புட உக்காந்தப்போ அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொன்னாரு. கூடவே சருக எரிக்காம தரையில மூடாக்கா பரப்பி விட்டா தண்ணி பாதி மிச்சம் ஆகுதுங்கறதும் அந்த வருஷ கோடையில அவருக்கே தெரிஞ்சு போச்சு. அப்புறம் பேசி ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். ஊட்ட சுத்தி அம்பது அடிக்கு பெருக்கி சுத்தமா வெச்சுக்கறது, அங்கதான் அப்பத்தா நடப்பாங்க, பையன் வெளையாடுவான். எருக்குழிய தூரத்துக்கு மாத்தி அதுல வண்டுப்புழு இருக்கான்னு அப்பப்ப கெளறிப் பாக்கறது. வாய்க்கா ஓரமா இருக்கற ஆறு வரிசை கொக்கோவுல ஒரு சருக யாரும் தொடக்கூடாது, காய் வெட்டப் போறப்போ மட்டும் உள்ள போலாம். அடுத்த சீசன்லயே அந்த ஆறு வரிசைக்குள்ள ரெண்டு குருவி தனித்தனியா எடம் பிரிச்சு நின்னு பொழுதோட ஒண்ணுக்கொண்ணு பதில் கத்துச்சுங்க.

படம் எடுக்கற விஷயத்துக்கு வர்றேன். எங்கிட்ட இருக்கறது நிக்கான் பி950. 83 மடங்கு ஜூம்னு சொன்னதும் எனக்கு எல்லாத்தையும் புடிச்சிரலாம்னு தோணுச்சு, முதல் சீசன்ல எடுத்த நூத்துக்கணக்கான படத்துல ஒண்ணு கூட கண்ணு ஷார்ப்பா வரல. வெயில்ல கம்பி மேல உக்காந்திருக்கற பறவைக்கு அந்தக் கேமரா அருமை. கொக்கோ நிழல் வேற ஒலகம். ஜூம முழுசா இழுத்தா லென்ஸ் எஃப் 6.5க்குப் போயிடும், வெளிச்சம் இன்னும் கொறையும், சென்சார் சின்னது, வெளிச்சம் பத்தலன்னு ஏத்தற ஐஎஸ்ஓ 1600 தாண்டுனாலே படம் பூரா மணல் தெளிச்ச மாதிரி ஆயிரும். அதனால ஜூம் பண்றத கொறச்சிட்டு பறவை கிட்ட வர்ற எடத்துல நாம உக்காந்துக்கணும், அதுதான் நான் கத்துக்கிட்ட பெரிய பாடம். ரெண்டாவது, ஷட்டர் ஸ்பீடு. பறவைன்னா 1/1000, அதாவது ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு வேணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. இந்தக் குருவி தத்திட்டு ஒரு செகண்டு செல மாதிரி நிக்கும், அந்த ஒரு செகண்டுக்கு 1/60 போதும், கேமரா ஆடாம இருந்தா 1/40ல கூட எடுத்திருக்கேன். கேமரா ஆடாம இருக்கறதுக்கு ட்ரைபாடு சரிப்படல, ஒயரம் ஜாஸ்தி. பழைய தலகாணி உறையில ரெண்டு படி ராகி போட்டு வாயத் தச்சு அம்மா ஒரு பை பண்ணிக் குடுத்தாங்க, அதைத் தரையில வெச்சு அது மேல லென்ஸ வெச்சிட்டு நான் கோணிச்சாக்கு விரிச்சு குப்புறப் படுத்துக்குவேன். பறவையோட கண்ணு மட்டத்துக்கு நம்ம லென்ஸ் எறங்கிட்டா படமே மாறிப் போயிடுது. முன்னாடி சருகு, பின்னாடி சருகு ரெண்டும் கரைஞ்சு போய் நடுவுல அது மட்டும் நிக்கும்.

வெளிச்சம் எப்ப எங்க விழும்னு தெரிஞ்சு வெச்சுக்கறதுதான் மூணாவது. மார்கழியில எங்க தோப்புல எட்டு மணிக்கு மேல ஓலை சந்து வழியா வெயில் பட்டை பட்டையா எறங்கும், ஒவ்வொண்ணும் ஒரு மொறம் அகலம் இருக்கும், பத்து நிமிஷத்துல நகர்ந்து போயிரும். அந்த வெயில் பட்டைக்குள்ள குருவி ஒரு தடவை காலு வெச்சா தோள்ல இருக்கற நீலம் மயில் கழுத்து மாதிரி எரியும். அதுக்காகத்தான் நான் காத்துக்கெடக்கறது. ஆறு மணிக்கே போய் படுத்துக்குவேன், ஓலையில இருந்து பனித்தண்ணி சொட்டு சொட்டா முதுகுல விழும், கொசு பிடுங்கி எடுக்கும், ஒரு நாள் சித்தெறும்பு சாக்கு மேல ஏறி கழுத்து பூரா கடிச்சு வெச்சிருச்சு, அசையாம இருந்தேன், ஏன்னா அப்ப குருவி பத்தடி தூரத்துல இருந்துச்சு. அசையாம இருந்தா அது நம்மள ஒரு மரக்கட்டையாத்தான் எடுத்துக்குது. ஒரு தடவை ஆறடிக்குள்ள வந்துச்சு, கேமரா அவ்வளவு கிட்ட ஃபோகஸ் புடிக்கல, நான் கேமராவ மெதுவா வெச்சிட்டு கண்ணாலயே பாத்தேன். இலையத் தூக்கி எறியறப்போ வர்ற சரக் சத்தம், அது மண்ணக் கெளறற வாசம் வரைக்கும் எனக்கு இன்னும் நெனப்புல இருக்கு.

இது ஒண்ணுதான்னு நெனச்சிராதீங்க, அதுக்காகப் படுத்துக் கெடந்ததுல மத்ததெல்லாம் தானா வந்து அறிமுகம் ஆச்சு. கொடிக்கால் வாலாட்டி அப்படித்தான். மத்த வாலாட்டியெல்லாம் வால மேலயும் கீழயும் ஆட்டும், இது ஒண்ணுதான் பக்கவாட்டுல ஆட்டும், ஆட்டும்போது ஒடம்பே சேந்து ஆடும். கெழக்கு ஆசியாவுல, சீனா, கொரியா பக்கம் கூடு கட்டற பறவை. கொடிக்கால்னா வெத்தலைத் தோட்டம், அந்த நெழலும் ஈரமும் இதுக்கு வேணும்னு பேர் வெச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வெத்தலை போயி கொக்கோ வந்திருக்கு, பறவை இங்கயும் வந்து எறங்கிருச்சு. நெஞ்சுல ரெண்டு கருப்பு வளையம், சருகு மேல சத்தமே இல்லாம நடக்கும், பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாது.

பழுப்புக் கீச்சான் அதுக்கு நேர் எதிர். சைபீரியா, மங்கோலியா பக்கம் இருந்து செப்டம்பர்லயே வந்துரும், வந்த ஒடனே இது என் எடம்னு ஊரையே கூட்டற மாதிரி கத்தும், ஒரு மாசம் போனா அடங்கிரும். எங்க தோப்புக்கு மேக்கால வேலியில மூணாவது கல்லுதான் அதோட எடம், வருஷா வருஷம் அதே கல்லு. காலுல வளையம் போட்டு ஆராய்ச்சி பண்ணவங்க இந்தக் கீச்சான் போன வருஷம் இருந்த அதே எடத்துக்குத் திரும்பி வர்றத உறுதி பண்ணியிருக்காங்க. எங்களோடது அதே பறவைதானான்னு வளையம் இல்லாம சொல்ல முடியாது, ஆனா எம் பையன் அடிச்சு சொல்றான் அதேதான்னு. படம் எடுக்கப் பழகறவங்களுக்கு இதை விட நல்ல பறவை இல்ல. வெட்டவெளியில உக்காரும், வெட்டுக்கிளியப் புடிச்சிட்டு அதே கல்லுக்குத் திரும்பி வரும், ஃபோகஸ் போட்டு வெச்சிட்டு காத்திருந்தாப் போதும்.

அப்புறம் பிளித் நாணல் கதிர்க்குருவி. இதை நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க, செடிக்குள்ள இருந்து ரெண்டு கூழாங்கல்லத் தட்டற மாதிரி டக்... டக்னு ஒரு சத்தம், அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், ஊட்டுக் கொல்லையில செம்பருத்தி இருந்தாக் கூட வரும். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, மங்கலான பழுப்பு, எடை ஒரு பத்துப் பன்னெண்டு கிராம், ரெண்டு மூணு டீஸ்பூன் சக்கரை அவ்வளவுதான். பின்லாந்து, ரஷ்யா பக்கம் எல்லாம் கூடு கட்டிட்டு இங்க வர்றது. கலர் இல்லைங்கறதால யாரும் இதை போட்டோ எடுக்கறதில்ல, எனக்கு அது வருத்தமா இருக்கு. ஒரு வெடியால முழுக்க இதுக்காகவே உக்காந்து, முருங்கைப் பூவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு படம் எடுத்தேன், என் கம்ப்யூட்டர்ல இப்ப வால்பேப்பரா அதுதான் இருக்கு.

அரசவால் ஈப்பிடிப்பானப் பத்தி சொல்லாம விட்டா அம்மா கோவிச்சுக்குவாங்க, அது அவங்க பறவை. சொட்டுநீர் லைன் கேட் வால்வுல ஒரு கசிவு இருக்கு, அடியில கல்லு மேல தட்டு அளவுக்கு தண்ணி தேங்கும். சாயந்திரம் நாலரை அஞ்சு மணிக்கு கிளையில இருந்து பாஞ்சு தண்ணிய ஒரு தொடு தொட்டுட்டு மறுபடி கிளைக்கு, இப்படி பத்துப் பன்னெண்டு தடவை குளிக்கும். வெள்ளை ஆணு, தலை மட்டும் நீலக்கருப்பு, வால் ரெண்டு எறகு ஒடம்ப விட நீளம், பறக்கறப்போ ரிப்பன் மாதிரி பின்னாடி நெளிஞ்சு வரும். அந்த நீள வால் வர்றதுக்கே ஆணுக்கு ரெண்டு மூணு வயசு ஆகணும், அதனால வாலோட ஒண்ணு வந்து நின்னா அது இந்தப் பயணத்த முன்னாடியே போய் வந்த பறவைன்னு அர்த்தம். அம்மா டீ டம்ளரோட கரெக்டா நாலரைக்கு பின்திண்ணைக்கு வந்துருவாங்க. அப்பா அந்த வால்வ மட்டும் ரிப்பேர் பண்ணல.

ஒரு மனக்கஷ்டமும் இருக்கு, சொல்லிடறேன். போட்டோ போட்டதப் பாத்துட்டு போன வருஷம் ஒருத்தர் பெரிய லென்ஸோட வந்தாரு, தெரிஞ்சவர் மூலமா வந்ததால சரின்னுட்டோம். வந்தவர் செல்போன்ல ஆறுமணிக்குருவி சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டு விட்டாரு. அது தன் எடத்துக்கு வேற ஒருத்தன் வந்துட்டான்னு நெனச்சு பதறி வெளிய வந்துச்சு, கத்துச்சு, மறுபடி போட்டாரு, மறுபடி வந்துச்சு. நான் நிறுத்தச் சொல்றதுக்குள்ள இருபது நிமிஷம் ஆயிருச்சு. சாப்புட வேண்டிய நேரத்துல இல்லாத எதிரியத் தேடி ஓடிக்கிட்டு இருந்துச்சு அது. அப்புறம் நாலு நாள் அந்தப் பக்கமே சத்தம் இல்லன்னு அப்பா சொன்னாரு. அவருக்கு அருமையான படம் கெடச்சிருக்கும், எனக்கு அந்தப் படத்தப் பாக்க மனசு வராது. தயவு செஞ்சு சத்தம் போட்டுக் கூப்புடாதீங்க, ஃப்ளாஷ் அடிக்காதீங்க. அது வரலன்னா வரல, நாளைக்கும் விடியும்.

அதை விடப் பெரிய கவலை இப்ப தென்னையே. பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் கேரள வேர் வாடல் நோய் எப்படிப் பரவுதுன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. கீத்து உள்பக்கமா வளஞ்சு வெலா எலும்பு மாதிரி ஆயிரும், மஞ்சள் விழும், குரும்பை கொட்டும், குணப்படுத்த மருந்து கெடையாது, முத்திப்போன மரத்த வெட்டறதுதான் வழி. முன்னாடி 2016ல வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரி பூசுன மாதிரி ஆனப்பவே அப்பா நொந்து போயிருந்தாரு, இது அதுக்கும் மேல. போன ஆடியில எங்க தோப்புல இருபத்திமூணு மரம் வெட்டுனோம், அதுல ஒம்போது அந்த ஆறு வரிசைக்குப் பக்கத்துல. மேல் கூரை போனதும் வெயில் நேரா எறங்கி கொக்கோ இலை கருகுச்சு, சருகு ஈரம் இல்லாம மொறமொறன்னு ஆச்சு. அப்பா அங்க சடசடன்னு வாழை வெச்சாரு, வெட்டுன மரத்தோட உரிமட்டை எல்லாத்தையும் பரப்பி தண்ணி விட்டாரு. இந்த வருஷம் குருவி வராதுன்னுதான் நான் மனசுக்குள்ள முடிவு பண்ணி வெச்சிருந்தேன், யாருகிட்டயும் சொல்லல. அதனாலதான் அந்தப் போன் வந்தப்போ எனக்குப் பேச்சு வரல.

பொங்கலுக்குப் போயிருந்தப்போ ஒண்ணுதான் கத்துச்சு. ரெண்டு இருந்த எடத்துல ஒண்ணு. 2015ல இருந்து தமிழ்நாட்டுல பொங்கல் லீவுல பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, இருக்கற எடத்துல பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்தத, கேட்டத எண்ணி ஈபேர்டுங்கற பறவைக் கணக்கு வெப்சைட்டுல ஏத்துனாப் போதும், யார் வேணா பண்ணலாம். எங்க ஊட்டுல பையன்தான் எழுதறவன். மாட்டுப் பொங்கல் அன்னிக்கி மாடு குளிப்பாட்டறதுக்கு முன்னாடி கொக்கோ ஓரமா நின்னோம், அப்பத்தாவையும் சேர்ல உக்கார வெச்சோம். அவங்களுக்கு ரெண்டு வருஷமா காது சரியா கேக்கறதில்ல. குருவி கத்துனதும் பையன் அவங்க கையத் தொட்டு ஒரு வெரலக் காட்டுனான். "மணி ஆறாச்சாட்ட இருக்குது"ன்னாங்க. பையன் ஆறுமணிக்குருவி, எண்ணிக்கை 1னு எழுதிக்கிட்டான்.

இந்த சீசன்ல இதுவரைக்கும் நல்ல படம் ஒண்ணுதான். நெலம் பூரா வெளிச்சம் மாறிப் போனதால பழைய கணக்கு ஒண்ணும் ஒதவல, வெயில் இப்ப வேற எடத்துல விழுது. ஒரு இலைய அது தூக்கி எறிஞ்ச அந்த நொடி, இலை அந்தரத்துல நிக்குது, குருவி கீழ குனிஞ்சு பாக்குது, கண்ணு ஷார்ப்பா இருக்கு, பின்னாடி புதுசா வெச்ச வாழைக்கன்னோட பச்சை கரைஞ்சு தெரியுது. 1/80, ஐஎஸ்ஓ 800. அப்பா அதுல ஒரு காப்பி கேட்டாரு, லேமினேட் பண்ணிக் குடுத்தேன், மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்காரு.

பங்குனி கடைசி வரைக்கும்தான் இருக்கும், அப்புறம் ஒரு ராத்திரி சொல்லாம கெளம்பிரும். அதுக்குள்ள வாழைக்கும் கொக்கோவுக்கும் நடுவுல காலையில விழற அந்தப் புது வெயில் பட்டையில ஒரு படம் எடுக்கணும், அதுக்காக வர்ற சனிக்கெழமை மறுபடி போறேன். அன்னிக்கி காய் வெட்ட ஆள் வர்றதா இருந்துச்சு. அப்பா அவங்களத் திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாராம்.